அஞ்சலை ஆயாவின் சங்கு

அன்று காலை ஆயாக்கொட்டாயில் இருந்தவர்கள் இவர்கள்.

அஞ்சலை ஆயா. சிமெண்டுத் தரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி சரோஜா. தூணில் சாய்ந்து நின்றாள்.

எங்கள் மகள் மல்லிகா. ஒரு வயது தாண்டியிருந்தது. சரோஜாவின் தோளில் துவண்டு கிடந்தாள்.

என் மச்சான் வேலு. சரோஜாவின் அண்ணன். மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவன்.

யோகம் மிஸ். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவர். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் பேச்சுக்கோளாறைப் பார்ப்பவர். அன்று ஆயாவின் கைலியைக் கட்டிக்கொண்டு, கையில் பாலூட்டும் சங்கோடு குந்தியிருந்தார். சங்கு என்றால் மூக்கு நீண்ட சின்னப் பித்தளைக் கிண்ணம். எங்கள் பிள்ளைகள் எல்லாம் அதில் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

நான், மணியம். ஆயாவின் நீட்டிய கால்மேல் மல்லாந்து படுத்திருந்தேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன்.

"வாயைத் திறவுங்கோ அண்ணை," என்றார் மிஸ்.

திறந்தேன்.

ஒரு வாசகர் கேட்டது

போன வாரம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பாகான் செராய் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மரம் வெட்டினவர் பிறகு ஒரு பேராசிரியைக்கு வேன் ஓட்டினதாகச் சொல்கிறீர்களே, அந்தப் பழக்கம் எங்கே பிடித்தீர்கள்?

தரையில் படுத்துப் பிடித்தேன். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை. அதற்கு மேல் மரம்தான். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம். ஈப்போ பக்கத்துச் சிம்மோருக்கு உள்ளே, செம்மண் சாலை முடிகிற இடத்தில் எங்கள் தோட்டம். விடியுமுன் பெரட்டு. ஆளைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். அதற்கு முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டாயில் விட வேண்டும். தாயும் தகப்பனும் மரத்துக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? அதற்காகத் தோட்டம் ஒரு கொட்டாயும் ஓர் ஆயாவும் வைத்திருந்தது.

கொட்டாய்க்கென்று ஒரு வாசம் உண்டு. புளித்த பால், டெட்டால், ஈரத் தொட்டில் சேலை. அதன் பின்னறையிலேயே அஞ்சலை ஆயா குடியிருந்தார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. குரல் மட்டும் பெரிது. அவர் ஒரு சத்தம் போட்டால் தொட்டிலில் இருக்கும் அத்தனையும் அழுகையை நிறுத்தும். கங்காணிக்கும் அந்தச் சத்தத்துக்குப் பயம்.

மல்லிகா

மல்லிகா பிறந்ததும் அழவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அழுதாள். கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் நிற்கவில்லை. பால் குடிக்கக் குடிக்க இருமுவாள். இருமல் சளியாகும். சளி காய்ச்சலாகும். காய்ச்சல் வந்தால் ஈப்போ ஆஸ்பத்திரி.

லயத்தில், அதாவது எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆளுக்கொரு பேச்சு. "பெருசானா தஞ்சோங் ரம்புத்தான்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடம் அங்கேதான். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் எங்களுக்கு வேறெதுவும் ஞாபகம் வராது. சரோஜா அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் தலைவைக்கவில்லை. தெலுக் ஆன்சனிலிருந்து சரோஜாவின் சித்தி மந்திரித்த கயிறு கொடுத்தனுப்பினார். இப்போது அந்த ஊரைத் தெலுக் இந்தான் என்கிறார்கள். கயிற்றை இடுப்பில் கட்டினோம். இருமல் இருந்தபடியே இருந்தது.

ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் மல்லிகாவுக்கு எடை ஏறும். தோட்டத்துக்குக் கொண்டு வந்தால் இறங்கும். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

டாக்டர் இதைக் கவனித்துவிட்டார். சீனர், வயதானவர். கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்களா இல்லையா என்று மலாயில் என்னைக் கேட்டார். சரோஜாவுக்கு மலாய் அரைகுறை. ஆனாலும் அது புரிந்துவிட்டது. பஸ்ஸில் சிம்மோர் வரும்வரை சன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தடவை டாக்டர் முடிவாகச் சொன்னார். மல்லிகா அன்று ஐந்தரைக் கிலோ. தீபாவளி கழித்து வரும்போது ஏழு கிலோவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். குழாய் வைத்த பிள்ளையை லயத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஈப்போவில் ஓர் இல்லத்தில் விட்டுவிட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்து வரலாம்.

அப்போதுதான் ராத்தல் போய்க் கிலோ வந்திருந்த சமயம். நான் மனசுக்குள் ராத்தலாக்கிப் பார்த்தேன். பதினைந்து ராத்தல். அரிசி என்றால் ஒரு கையில் தூக்கி வந்துவிடலாம்.

"ஏழு கிலோ வேணுமாம்," என்றேன்.

"அது எம்புட்டு?" என்றாள் சரோஜா.

"இன்னும் ஒன்றரை ஏறணும்."

அவள் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். பிறகு தோளில் போட்டுக்கொண்டாள்.

பேச்சு டாக்டர்

அந்த டாக்டர்தான் எங்களை யோகம் மிஸ்ஸிடம் அனுப்பினார். கடைசியாக ஒரு தடவை அங்கேயும் காட்டிவிட்டு வாருங்கள் என்றார்.

ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில், உடைந்த கட்டில்கள் போட்டு வைத்த அறைக்குப் பக்கத்து அறை. வெளியே வரிசையில் நின்றவர்கள் அவரை 'டாக்டர் சாகாப்' என்றார்கள். மலாயில் சாகாப் என்றால் பேசுவது. "நான் டாக்டர் இல்லை, ரீச்சர்," என்று அவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்வார். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

ஈப்போக்காரர்தான். யாழ்ப்பாணத்து வழி. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, கோலாலம்பூரில் பல்கலைக்கழக வேலை. நடுவில் ஈப்போவுக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பார். ஒல்லியான ஆள். பொறுமை குறைவு. நாற்காலியில் ஒழுங்காக உட்கார மாட்டார், பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே தரையில் உட்கார்ந்துவிடுவார்.

அவரிடம் வருவது திக்குவாய், காது கேளாதது, வாய் திறக்காதது. அவருக்கு வேறு யோசனை இருந்தது. பேச வராத பிள்ளைகள் பலருக்கு விழுங்கவும் சரியாக வருவதில்லை, அதை முதலில் பார்க்க வேண்டும் என்பார். பல்கலைக்கழகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் சிரித்தாராம். பிள்ளைக்கு ஊட்டுவது தாதி வேலை, அதற்கெல்லாமா ஆராய்ச்சி என்று. இதைப் பிற்பாடு வேனில் போகும்போது சொன்னார்.

"கதைக்கிற வாயும் விழுங்கிற வாயும் ஒண்டுதானே அண்ணை," என்றார். "அவருக்கு ஏன் ரெண்டாத் தெரிஞ்சுதோ."

அன்று அந்த அறையில் சரோஜாவிடம் கேட்டார்.

"பிள்ளைக்கு எப்பிடிச் சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"நல்லாத்தாங்க குடுக்கிறோம்."

"நிமித்தி வச்சோ?"

"ஆமாங்கம்மா."

"கரண்டியாலயோ?"

"ஆமாங்கம்மா."

"ஆறுதலாத்தானே?" மெதுவாகத்தானா என்பதை அப்படிக் கேட்டார்.

"ஆமாங்கம்மா."

நானும் தலையாட்டினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சரோஜா பொய் பேசுகிறவள் இல்லை. எங்கள் தோட்டத்துக் கிராணி வீட்டில் பேசுவது இந்த யாழ்ப்பாணத் தமிழ்தான். அந்தத் தமிழில் கேள்வி வந்தால் எங்கள் வாய் தானாக ஆமாங்கும். பால் வடியுற மங்கு துடைச்சியா, ஆமாங்கையா. வாளி கழுவினியா, ஆமாங்கையா. அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கும்பிடு போடுவது மாதிரி அது.

இன்னொன்று. சரோஜா மல்லிகாவுக்கு ஊட்டுவதே இல்லை. ஒரு தடவை அவள் ஊட்டும்போது புரை ஏறிப் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. அன்றிலிருந்து பயம். லீவு நாளில்கூட ஆயாவிடம்தான் தூக்கிக்கொண்டு போவாள். ஆயா எப்படி ஊட்டினார்? எல்லாப் பிள்ளைக்கும் ஊட்டுவது போலத்தான். அதைப் போய் ஆஸ்பத்திரியில் யார் சொல்வார்கள்? சோற்றைக் கையால் சாப்பிடுகிறோம் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

 மிஸ் மல்லிகாவின் கழுத்தோரம் காதை வைத்துக் கேட்டார்.

"குரல் ஈரமாக் கிடக்கு," என்றார். "நான் ஒருக்கா தோட்டத்துக்கு வந்து பாக்கிறன்."

வரமாட்டார் என்றுதான் நினைத்தோம்.

ஆபீஸ் நாற்காலி

வந்தார். சிம்மோர் வரை பஸ், அங்கிருந்து தோட்டத்து லாரியில் முன்சீட்டு. வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தார். லாரியை விட்டு இறங்கிய இடத்திலேயே அது சிவந்துவிட்டது.

ஆனால் மிஸ் ஒரு காரியம் செய்திருந்தார். படித்தவர்கள் முறைப்படி செய்கிற காரியம். தோட்ட ஆபீசுக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். ஆபீஸ் ஆயாவுக்குச் சொல்லி அனுப்பியது. ஈப்போவிலிருந்து ஆள் வருது, கொட்டாய் சுத்தமா இருக்கணும்.

தோட்டத்தில் ஆள் வருது என்றால் எல்லோருக்கும் வேலை தெரியும். காலையிலேயே தரை கழுவியாகிவிட்டது. தொட்டில் சேலையெல்லாம் வெள்ளாவி வைத்தது போல் இருந்தது. ஆயா வெள்ளைச் சேலை கட்டியிருந்தார், அதை நான் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். ஆபீசிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. கிராணி வீட்டிலிருந்து ஒரு சின்னக் கரண்டி வந்தது.

ஆயா நாற்காலியில் உட்கார்ந்து, மல்லிகாவை மடியில் நிமிர்த்தி வைத்து, கரண்டியால் சொட்டுச் சொட்டாகக் கஞ்சி கொடுத்தார். பயத்தில் கை மெதுவாகத்தான் போனது. மல்லிகா ஒரு தடவைகூட இருமவில்லை.

மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

பிறகு வெளியே படியில் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கு விளங்கேல்லை அண்ணை," என்றார். "சாப்பாடு குடுக்கிறதில பிழை இல்லை. பிள்ளை விழுங்கிறாள். அப்ப பிழை உள்ளுக்கை எங்கயோ இருக்கு. டாக்டர் சொல்லுற குழாய்தான் சரியோ தெரியாது."

 "சரிங்கம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்போது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. அரை மணியில் செம்மண் சாலை குழம்பாகிவிட்டது. லாரி பாதி வழியில் புதைந்தது. மிஸ் அன்று திரும்ப முடியவில்லை.

கிராணி தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மிஸ் ஆயாவோடு இருந்துகொள்கிறேன் என்றார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் இருக்கிற இடத்தை விட்டுப் போக மனம் வராது அவருக்கு.

"எங்கிட்ட மெத்தையெல்லாம் இல்ல தாயி," என்றார் ஆயா. "பாயி இருக்கு. மூட்டைப்பூச்சி இருக்கு."

நேற்று வேறு, இன்று வேறு

மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. மரம் நனைந்தால் வெட்டு கிடையாது. பெரட்டும் இல்லை. லயமே தூங்கி வழிந்தது. நாங்கள் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்குப் போனோம். வேலுவும் வந்தான்.

மிஸ் ஆயாவின் கைலியில், தலையை வாராமல், தரையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நாற்காலி ஆபீசுக்குத் திரும்பிப் போய்விட்டது. கரண்டி கிராணி வீட்டுக்குப் போய்விட்டது.

ஆயாவுக்கு அவர் ஈப்போவிலிருந்து வந்த ஆள் என்பது மறந்துபோயிருக்க வேண்டும். ஓர் இரவு பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தால் மறந்துபோகும்தானே. பிள்ளையை வாங்கினார். தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். மல்லிகாவைக் கால்மேல் நீளவாக்கில் மல்லாத்தினார். தலை ஆயாவின் பாதத்துப் பக்கம், கொஞ்சம் தொங்கலாக. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தார். மறு கையால் சங்கை வாயோரம் சாய்த்துத் தண்ணீரான கஞ்சியை ஊற்றினார்.

களக், களக் என்றது. பிறகு இருமல்.

மிஸ் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். நகர்ந்து நகர்ந்தே பக்கத்தில் வந்தார்.

"அக்கா. ஒருக்கா நிப்பாட்டுங்கோ. பிள்ளையைத் தூக்குங்கோ."

சரோஜா வந்து பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏன், என்னாச்சு?" என்றார் ஆயா.

"நேற்று கரண்டியாலதானே குடுத்தனீங்கள்?"

"அது நேத்து. நேத்து நீங்க வந்தீங்கல்ல."

அதில் ஒரு குற்றமும் ஆயாவுக்குத் தெரியவில்லை.  எனக்கும் அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது. ஆஸ்பத்திரியில் மிஸிகளும் நிமிர்த்தி வைத்துக் கரண்டியால்தான் ஊட்டுவார்கள். தாதிகளை நாங்கள் மிஸி என்போம். அங்கே ஏறிய எடை இங்கே இறங்கியது இதனால்தானா?

மிஸ் விவரம் சொன்னார். இப்படி மல்லாத்தி ஊற்றினால் கஞ்சி மூச்சுக் குழாய்க்குள் போகும், அதுதான் சளி, அதுதான் காய்ச்சல் என்று.

ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தத் தோட்டத்துல பாதிப் பேரு இந்தக் கால்ல கெடந்து குடிச்சவங்கதான். இதோ நிக்கிறானே வேலு, இவனும்தான். செத்தா போனான்? தின்னு கொழுத்து நிக்கிறான்."

"என்னை எதுக்கு ஆயா இழுக்குறீங்க. நான் சும்மா நிக்கிறேன் லா," என்றான் வேலு.

"உண்மைதான் அக்கா," என்றார் மிஸ். "கழுத்து நிக்கிற பிள்ளை எப்பிடியும் சமாளிக்கும். இவளுக்குக் கழுத்து நிக்கேல்லை. தொண்டையும் மெத்தனம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தொண்டைக்குள்ள ஊத்தினா வயித்துக்குத்தான் போவும். வேற எங்க போவும்?"

மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் என்மேல் கண் நின்றது.

"அண்ணை, நீங்கள் படுங்கோ."

"எங்க?"

"அக்காவின்ர கால்மேல."

தண்ணீர் போன வழி

வேலு அன்று பேசியதை எல்லாம் எழுத முடியாது. "மச்சான், காது குத்தியாச்சா புள்ளைக்கு?" என்றான். "மாமன் மடி வேணுமா, ஆயா கால் போதுமா?" என்றான்.

"ஐயோ, என்னா கனம் கனக்கிறான்," என்றார் ஆயா. "சீக்கிரம் ஊத்துங்க, காலு ஒடிஞ்சிரும்."

சரோஜா சிரித்தாள். பல மாதமாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

என் பிடரி ஆயாவின் பாதத்துக்கு அப்பால் போய்விட்டது. தலை பின்னால் தொங்கியது. கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மிஸ் என் கன்னத்தை ஒரு கையால் பிடித்தார், ஆயா பிடித்தது போலவே.

முதல் சங்கு தண்ணீரை விழுங்கினேன். அது முழுவதும் இறங்குமுன் அடுத்தது வந்தது. விழுங்கலாம் என்று நான் நினைக்குமுன்னே அது உள்ளே போய்விட்டது. மூச்சு இழுக்கிற இடத்தில் தண்ணீர் நின்றது. மூக்கில் வந்தது. கண் இருட்டியது. உருண்டு எழுந்து இருமினேன்.

வேலு முதலில் சிரித்தான். நான் நிறுத்தாமல் இருமவும் அவன் நிறுத்திவிட்டான்.

"என்ன மாதிரி இருந்தது?" என்றார் மிஸ்.

"மூச்சு போற வழியில தண்ணி வந்துருச்சு."

"நீங்கள் மரத்துக்கு மரம் ஓடுற ஆள். இருமித் தள்ளிப்போட்டீங்கள்."

 நான் மல்லிகாவைப் பார்த்தேன். இருமலை அவளுடைய நோய் என்று நினைத்திருந்தோம். அவள் உயிரைப் பிடித்துக்கொள்ள இருமியிருக்கிறாள். தினமும்.



ஆயா எழுந்து மிஸ் கையிலிருந்த சங்கை வாங்கினார். வாளியில் முக்கினார். தலையைப் பின்னால் சாய்த்துத் தன் வாயில் தானே கடகடவென்று ஊற்றிக்கொண்டார். புரை ஏறியது. கண்ணில் தண்ணீர் வர இருமினார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"சரி," என்றார். "எப்படிக் குடுக்கணும், காட்டு."

அதுவரை மிஸ்ஸோடு பேசும்போது இருந்த 'ங்க' அந்தச் சொல்லில் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

சங்கை மட்டும் விடவில்லை

கரண்டி வேண்டாம் என்று ஆயா அடம்பிடித்தார். கரண்டி ஈறில் இடிக்கும், சங்கின் மூக்கு இடிக்காது என்றார். மிஸ் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு ஒத்துக்கொண்டார். சங்கு இருக்கட்டும், படுக்க வைப்பது மட்டும் கூடாது.

மல்லிகாவின் முதுகு ஆயாவின் நெஞ்சில் சாய்ந்திருக்க வேண்டும். தலை நேராக, தாடை கொஞ்சம் கீழே. கஞ்சி கெட்டியாக. சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊற்றக் கூடாது, அவளாக எடுக்க வேண்டும். ஒரு விரல் தொண்டையில். அது ஏறி இறங்கினால்தான் அடுத்த வாய்.

கெட்டி எவ்வளவு என்பதில் ஒரு சண்டை.

"இது கஞ்சியா? எலெக்சனுக்குப் போஸ்டர் ஒட்டலாம்," என்றார் ஆயா.

"ஒட்டட்டும். உள்ளுக்கை ஒட்டட்டும்," என்றார் மிஸ்.

ஆனால் இப்படி ஊட்டினால் ஒரு வேளைக்கு வெகுநேரம் ஆகும். கொட்டாயில் மற்றப் பிள்ளைகள் கத்தும். ஆயா ஒருவரால் முடியாது. காலை வேளை ஆயா, மற்ற வேளை சரோஜா என்று மிஸ் சொல்லிவிட்டார்.

சரோஜா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எனக்குப் பயம்மா இருக்கு. செத்துருவா."

மிஸ் அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. அவள் விரலைப் பிடித்து மல்லிகாவின் தொண்டையில் வைத்தார். ஆயா சங்கைக் கீழுதட்டில் வைத்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"போயிருச்சு," என்றாள் சரோஜா. மெதுவாகத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சத்தம்தான். மத்தியானம் மரத்திலிருந்து வந்து சரோஜா சுவரில் சாய்ந்து உட்காருவாள். நான் வெளியே கத்தி தீட்டிக்கொண்டிருப்பேன். உள்ளே ஒவ்வொரு வாய்க்கும் அவள் குரல் கேட்கும். போயிருச்சு. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. நான் கத்தியை நிறுத்திக்கொள்வேன். போயிருச்சு. மறுபடி தீட்டுவேன்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மழைநாள் பிறகு மிஸ்ஸின் ஆராய்ச்சியில் ஏறியது. மற்றத் தோட்டத்துக் கொட்டாய்களுக்கும் போக ஆரம்பித்தார். எங்கள் தோட்டம் விற்றுப்போனதும், தோட்டத்துச் சாலை தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை வேனுக்கு வைத்துக்கொண்டார். இனிமேல் எந்த ஆபீசுக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது எங்கள் சட்டம். ஆயா சங்கோடு உட்கார்ந்திருக்கும் படத்தை வெளிநாட்டுக் கூட்டத்தில் திரையில் காட்டினாராம். திரும்பி வந்து ஆயாவிடம் சொன்னபோது ஆயா ஒன்றுதான் கேட்டார். "சேல நல்லாத் தெரிஞ்சுதா?"

பல்கலைக்கழகத்தில் முன்பு சிரித்த பெரியவர் பிறகு சிரிக்கவில்லை என்று கேள்வி. மிஸ்ஸிடம் படிக்க வந்த பிள்ளைகள் முதல் நாள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் படுத்துத் தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நோயாளிப் பிள்ளையைத் தொடலாம். நான் வேனில் உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்டிருக்கிறேன்.

தீபாவளி கழிந்து

அந்த மாதங்களில் மல்லிகாவுக்கு ஒரு தடவைதான் காய்ச்சல் வந்தது. அதுவும் தோட்டத்து மருந்துக்காரர் டிரெசர் கொடுத்த மருந்தில் போய்விட்டது. கன்னம் கொஞ்சம் தெரிந்தது. தொடையில் ஒரு மடிப்பு வந்தது. சரோஜா அதை வேலுவிடம்கூடக் காட்டவில்லை, கண் பட்டுவிடும் என்று. ஆனால் தோட்டத்தில் பிள்ளைத் தராசு இல்லை. பால் நிறுக்கும் தராசில் பிள்ளையை வைக்கச் சரோஜா விடவில்லை. எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

தீபாவளிப் பலகாரம் தீருமுன் ஆஸ்பத்திரி நாள் வந்தது. ஆயாவும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"கஞ்சி. உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு சங்கு குடுத்துட்டா அதுவும் எடையில வரும்லா."

ஆஸ்பத்திரி வாசலிலேயே மிஸ் நின்றிருந்தார். அவர் கண் தூக்குச்சட்டியில்தான் முதலில் விழுந்தது.

"அக்கா, அது வேண்டாம்."

"ஒரு சங்கு."

"ஒண்டும் வேண்டாம். பிள்ளையின்ர எடை பிள்ளையின்ர எடையா இருக்கட்டும்."

அறையில் டாக்டர் இருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், சிரிக்கவில்லை. மிஸி ஒருத்தர் மல்லிகாவின் சட்டையைக் கழற்றினார். கைவளையைக் கழற்றினார். இடுப்புக் கயிற்றில் கை வைத்தார்.

"அதை மட்டும் விட்டுருங்க மிஸி," என்றாள் சரோஜா.

"சரி, அதுல என்ன வெயிட் இருக்கு லா," என்றார் மிஸி.

மல்லிகா தட்டில் படுத்துக்கொண்டு கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தாள். அவள் மூச்சில் அந்தக் கொழகொழப்பு இல்லை. நான் அதைக் காது கொடுத்துக் கேட்டேன்.

தராசு பற்றி எனக்குத் தெரியும். தினமும் பால் நிறுத்தவன். கோலில் இருக்கும் எடைக் குண்டை நகர்த்தும்போது கோல் மேலேயே முட்டிக்கொண்டு நின்றால், தட்டில் அதற்குமேல் கனம் இருக்கிறது என்று அர்த்தம்.

மிஸி குண்டை ஐந்தில் வைத்தார். கோல் மேலே நின்றது.

ஆறில் வைத்தார். மேலே நின்றது.

"என்னாடா மணியம், ஏறுதா எறங்குதா?" என்றார் ஆயா.  சரோஜா என் சட்டையைப் பிடித்திருந்தாள். மிஸ் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழில் வைத்தார்.

கோல் ஆடியது. மெதுவாக ஆடி, மேலேயே போய் நின்றது.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மிஸி சின்னக் குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். கோல் நடுவுக்கு இறங்கி அசையாமல் நின்றது. மிஸி படித்துச் சொன்னார்.

ஏழு கிலோ இருநூற்றைம்பது கிராம்.